பகலில் வரும் உறக்கம்: ஷிப்ட் வேலை வட்டாரத்தில் நார்கோலெப்சியை அடையாளம் காணுதல்

சென்னைக்கு வடக்கே உள்ள வள்ளூரிலும் அதைச் சூழ்ந்த அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், எண்ணூர் ஆகிய ஊர்களிலும் பகலில் தூங்கி வழியும் ஒருவரைக் கண்டு யாரும் வியப்படைவதில்லை. 1500 மெகாவாட் திறனுள்ள வள்ளூர் அனல்மின் நிலையம், அதற்கு அருகிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் திறக்கப்பட்ட காமராசர் துறைமுகம், மணலி வரை நீளும் தொழிற்சாலைகள் ஆகிய அனைத்தும் இரவு பகல் பாராமல் இயங்குபவை ஆதலால், நைட் ஷிப்ட் பார்ப்பவரோ, ஓ.டி. சேர்த்துச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளரோ, துறைமுக வாசலில் மணிக்கணக்காகக் காத்துக் கிடக்கும் டிரெய்லர் லாரி ஓட்டுநரோ இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் அரிது. ஆகவே உறக்கத்துக்குச் சொல்ல இங்கே எப்போதும் ஒரு காரணம் கைவசம் இருக்கிறது. அந்தக் காரணம் மிகப் பலருக்குப் பொருந்தும் என்பதும், அது பொருந்தாத சிலரின் நோய் அதன் மறைவிலேயே பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது என்பதும் ஒருசேர உண்மை. நார்கோலெப்சி என்னும் அந்த நோயை ஷிப்ட் வேலையின் களைப்பிலிருந்து எவ்வாறு பிரித்தறிவது, பிரித்தறிந்தபின் எங்கே, எப்படி உறுதி செய்வது என்பவையே இவ்வுரையின் பொருள்.

முதலில் களைப்பின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனித உடலில் உறக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் நேரம் கூடக் கூட ஏறிக்கொண்டே போகும் உறக்கக் கடன் ஒன்று. மூளையின் அடிப்பகுதியில் அமைந்து, கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு இரவையும் பகலையும் கணிக்கும் உடற்கடிகாரம் மற்றொன்று. நைட் ஷிப்ட் பார்ப்பவர் இவ்விரண்டுக்கும் எதிராக நடக்கிறார்: உடல் உறங்கச் சொல்லும் அதிகாலை 3 மணிக்குக் கன்வேயரைக் கண்காணித்துவிட்டு, உடல் விழிக்கச் சொல்லும் காலை 8 மணிக்கு, வெயில் ஏறும் தகரக் கூரையின் கீழ், பிள்ளைகளின் சத்தத்துக்கும் தெருவின் ஹாரன் ஒலிக்கும் நடுவே படுக்கிறார். அவருக்கு வரும் பகலுறக்கம் கடனின் வட்டி. அதன் முக்கியமான அடையாளம், கடன் தீர்ந்தால் அதுவும் தீர்ந்துவிடும் என்பதே. பகல் ஷிப்டில் தொடர்ந்து இரண்டு மூன்று வாரங்கள் இருந்து, இரவில் ஏழெட்டு மணி நேரம் உறங்க வாய்த்தவருக்குப் பகலில் தெளிவு திரும்புகிறது. அவ்வாறு போதிய இரவுறக்கம் கிடைத்த பின்னும், நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போய் நன்றாகத் தூங்கி எழுந்த பின்னும், மூன்று மாதங்களுக்கு மேலாகப் பகலில் அடக்க முடியாத உறக்கம் நாள்தோறும் வந்துகொண்டே இருந்தால், அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடுவது தவறு.

நார்கோலெப்சி என்பது விழிப்பையும் உறக்கத்தையும் தத்தம் எல்லைக்குள் நிறுத்திவைக்கும் மூளை அமைப்பு பழுதுபடுவதால் வரும் நாட்பட்ட நரம்பியல் நோய். 1880ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டவர், பிரெஞ்சுக் கடற்படையில் மருத்துவராக இருந்த ழெலினோ. அவர் விவரித்த நோயாளி மதுப்பீப்பாய் வியாபாரம் செய்த 38 வயதுக்காரர். சாப்பிடும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் உறங்கிவிடுபவர் என்பதோடு, வாய்விட்டுச் சிரித்தாலோ நல்ல பேரம் ஒன்று கைகூடும் என்று மகிழ்ந்தாலோ கால்கள் தளர்ந்து தள்ளாடுபவர். அந்த இரண்டாவது செய்திதான் நோயின் திறவுகோல் என்பது மருத்துவ உலகுக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று. 1953இல் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் ஆய்வாளர் இருவர், உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஒரு தனி உறக்கநிலை உண்டு என்று காட்டினர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ரெம் உறக்கம் எனப்படும் இந்நிலையில்தான் தெளிவான கனவுகள் மிகுதியாக வருகின்றன. அப்போது, மூச்சுக்கும் விழியசைவுக்கும் உரியவை தவிர்ந்த ஏனைய தசைகள் செயலற்றுத் தளர்ந்துவிடுகின்றன. கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடாமல் இருப்பது இந்தத் தளர்ச்சியால்தான். நலமுள்ள ஒருவர் கண்ணயர்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்தே ரெம் உறக்கத்தை அடைகிறார். நார்கோலெப்சி உள்ளவரோ உறங்கிய சில நிமிடங்களிலேயே அதற்குள் போய்விடுகிறார் என்பது 1960இல் தெரியவந்தது.

இதன் காரணம் கண்டறியப்பட்ட கதை நாய்களிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் என்பவர் 1970களில் நார்கோலெப்சி உள்ள நாய்களை வளர்த்து ஆராயத் தொடங்கினார்; பிடித்தமான இரையைக் கண்ட மகிழ்ச்சியில் அந்த டாபர்மேன் நாய்கள் கால் மடங்கிச் சரிந்துவிடும். 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே மூளையில் ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடித்து, ஒரு குழு ஹைபோகிரெட்டின் என்றும் மற்றொரு குழு ஓரெக்சின் என்றும் பெயரிட்டன. அடுத்த ஆண்டே, அந்த நாய்களில் பழுதுபட்டிருப்பது இப்பொருளை ஏற்கும் அமைப்புக்கான மரபணு என்பதை மின்யோ என்னும் ஆய்வாளர் தலைமையிலான குழு நிறுவியது. இப்பொருள் இல்லாமல் பிறக்கச் செய்யப்பட்ட எலிகளுக்கு நார்கோலெப்சி வருவதை யானகிசாவா என்னும் ஆய்வாளரின் குழு காட்டியது. 2000ஆம் ஆண்டில், இந்நோயோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தபோது, ஓரெக்சினைச் சுரக்கும் நரம்பணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அழிந்துபோயிருந்தது தெரிந்தது. மூளையின் பல்லாயிரம் கோடி நரம்பணுக்களில் இவை சில பத்தாயிரமே என்றாலும், காற்றடித்தால் திறந்துகொள்ளாதபடி கதவைப் பிடித்திருக்கும் தாழ்ப்பாளைப் போல, விழிப்பைப் பிடித்து நிறுத்துபவை இவையே. இவற்றை உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாகத் தாக்கி அழிக்கிறது என்பது இன்று வலுவாக நம்பப்படுகிறது. 2009ஆம் ஆண்டின் பன்றிக் காய்ச்சல் பரவலுக்குப் பின் சீனத்தில் நோய்த்தொற்றை அடுத்தும், ஃபின்லாந்திலும் சுவீடனிலும் பான்டெம்ரிக்ஸ் என்னும் ஒரு குறிப்பிட்ட தடுப்பூசியை அடுத்தும் சிறுவரிடையே இந்நோய் கூடியது அந்தக் கருத்துக்கு ஆதரவாக நிற்கிறது. அத்தடுப்பூசி இப்போது வழக்கில் இல்லை. ஏனைய தடுப்பூசிகளைக் கண்டு அஞ்சுவதற்கு இச்செய்தி இடம் தருவதில்லை.

இவ்வளவு வரலாறும் இங்கே சொல்லப்படுவதற்குக் காரணம் உண்டு. சோம்பேறி என்றும் தூங்குமூஞ்சி என்றும் வீட்டிலும் வேலையிடத்திலும் பெயர் வாங்கியவரின் மூளையில், நுண்ணோக்கியால் காணக்கூடிய ஓர் இழப்பு நிகழ்ந்திருக்கிறது. அதை ஊக்கத்தாலோ திட்டுவதாலோ ஈடுசெய்ய இயலாது. பிற நாடுகளில் எடுத்த கணக்குகளின்படி இந்நோய் 1 லட்சம் பேரில் 25 முதல் 50 பேருக்கு உண்டு. அந்த அளவை இங்கே பொருத்திப் பார்த்தால், 50,000 பேர் வாழும் ஒரு வட்டாரத்தில் 12 முதல் 25 பேர் இருக்கக்கூடும். அறிகுறி தொடங்கிய நாளுக்கும் நோயின் பெயர் தெரியும் நாளுக்கும் இடையே மருத்துவ வசதி மிக்க நாடுகளிலேயே எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. நோய் பெரும்பாலும் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையே, அதிலும் பதினைந்து வயதை ஒட்டி மிகுதியாகத் தொடங்குவதால், அந்த இழந்த ஆண்டுகள் படிப்பும் வேலையும் திருமணமும் அமைய வேண்டிய ஆண்டுகளாக இருப்பதுதான் வேதனை.

பகலுறக்கம் எல்லா நார்கோலெப்சி நோயாளிகளுக்கும் உண்டு. ஆனால் அது இந்நோய்க்கே உரியது அன்று. இந்நோய்க்கே உரியது என்று சொல்லத்தக்க அறிகுறி கேட்டப்ளெக்ஸி. உள்ளம் பொங்கும்போது, குறிப்பாகச் சிரிக்கும்போது, சில நொடிகளிலிருந்து ஒன்றிரண்டு நிமிடம் வரை தசைகள் வலுவிழப்பதே அது. அந்நேரத்தில் நினைவு தப்புவதில்லை. சுற்றி நடப்பது எல்லாம் தெரிந்துகொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கும். முழுவதுமாகக் கீழே விழுபவர்கள் குறைவு. தாடை தொங்கிப் பேச்சுக் குழறுதல், இமை சரிதல், தலை முன்னோக்கித் துவளுதல், கையிலுள்ள டம்ளர் நழுவுதல், முழங்கால் மடங்கிச் சுவரைப் பிடித்துக்கொள்ளுதல் என்று சிறிய அளவில் வருவதே மிகுதி. நண்பர்கள் ஜோக்கடிக்கும்போதும், கேரம் ஆட்டத்தில் நல்ல காய் விழும்போதும், எதிர்பாராத உறவினர் வாசலில் வந்து நிற்கும்போதும் இது வரலாம், சினத்திலும் வரலாம். நோயாளி இதைத் தானாக மருத்துவரிடம் சொல்வது அரிது. உறக்கத்துக்கும் சிரிப்புக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றுவதில்லை. பலர் சிரிப்பு வரும் இடங்களையே தவிர்க்கப் பழகி, உம்மென்று இருப்பவர் என்ற பெயரையும் எடுத்துவிடுகின்றனர். ஆகவே இதைக் கேட்டுத்தான் பெற வேண்டும்: சிரிக்கும்போது உடம்பு தளர்கிறதா என்ற ஒரு கேள்வி, வேறு பல கேள்விகள் திறக்காத வழியைத் திறக்கும்.

2014இல் திரு இயக்கத்தில் விஷால் நடித்து வெளிவந்த ‘நான் சிகப்பு மனிதன்’ திரைப்படத்தின் நாயகன் நார்கோலெப்சி உள்ளவன். தமிழ் மக்களில் பலர் இந்நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்டது அப்படத்தின் வழியே இருக்கும் என்பதால், அது செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் திரையில் கண்ட உருவத்தையே அளவுகோலாகக் கொண்டு, நின்ற இடத்தில் சாய்ந்து விழாதவருக்கு இந்நோய் இராது என்று முடிவு செய்வது ஆபத்தானது. நடைமுறையில் உறக்கம் பெரும்பாலும் கனத்த அலையாக வந்து அழுத்துகிறது. சிறிது நேரம் எதிர்த்து நின்று, பின்னர் பத்துப் பதினைந்து நிமிடம் உறங்கி எழுந்ததும் புத்துணர்ச்சி வந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மீண்டும் அதே அலை வருகிறது. சிலர் உறங்குவது பிறருக்குத் தெரிவதே இல்லை. கண் திறந்தபடி கை மட்டும் வேலையைத் தொடர, நோட்டில் எழுதிய வரி கிறுக்கலாகிப்போகும். ரிஜிஸ்டரில் எழுதிய எண்கள் பொருளற்றிருக்கும். எழுதியவருக்கு அது நினைவிலும் இராது.

இன்னும் இரண்டு அறிகுறிகள், கண்ணயரும் வேளையிலோ விழிக்கும் வேளையிலோ வருபவை. விழிப்பு வந்தும் கைகால் அசைக்க முடியாமல், நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் கிடப்பது உறக்க முடக்கம். ஊர்ப்புறத்தில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். அறைக்குள் ஆள் நிற்பதாகவும் யாரோ அழைப்பதாகவும் தோன்றுவது உறக்கவிளிம்பு மாயக்காட்சி. இவை எப்போதாவது ஒருமுறை யாருக்கும் வரக்கூடும். அடிக்கடி வந்து, பகலுறக்கமும் சேர்ந்திருந்தால் பொருட்படுத்த வேண்டும். இவற்றைச் சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டப்பட்டவர்களும், மனச்சிதைவு என்று தவறாகக் கருதப்பட்டு மருந்து தரப்பட்டவர்களும் உண்டு. எந்நேரமும் உறங்குபவர் என்று பிறர் நினைக்கும் இவருக்கு இரவுறக்கமும் துண்டு துண்டாக உடைவது மற்றொரு துன்பம்.

குழந்தைகளிடம் நோயின் முகமே வேறு. சோர்ந்து கிடப்பதற்கு மாறாகத் துறுதுறுவென்று அலைந்தும் எரிந்து விழுந்தும் சில குழந்தைகள் உறக்கத்தோடு போராடுவார்கள். நோய் தொடங்கிய சில மாதங்களில் உடல் எடை வேகமாக ஏறுவது உண்டு. சிரிப்பு எதுவும் இல்லாதபோதே முகம் தொய்ந்து, வாய் திறந்து, நாக்கு வெளியே துருத்துவதும் உண்டு. பகல் தூக்கத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிள்ளை மீண்டும் நாள்தோறும் வகுப்பில் உறங்கத் தொடங்கினால், கைபேசியின்மேல் பழியைப் போடுவதற்கு முன்னர் ஆசிரியரும் பெற்றோரும் இவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்டப்ளெக்ஸி வலிப்பு என்று கருதப்படுவது அடிக்கடி நேரும் பிழை. வலிப்பில் நினைவு தப்பும், நாக்குக் கடிபடலாம், தெளிந்த பின்னும் குழப்பம் நீடிக்கும். சாதாரண மயக்கத்தில் முகம் வெளிறி வியர்க்கும், நினைவு தப்பும். கேட்டப்ளெக்ஸியில் இவை எவையும் இல்லை. வீட்டார் கைபேசியில் ஒருமுறை அதைப் படம்பிடித்து வைத்தால், மருத்துவருக்கு அது நீண்ட விளக்கத்தைவிடப் பயன்படும். பகலுறக்கத்துக்கோ நார்கோலெப்சியைவிடப் பன்மடங்கு பரவலான காரணங்கள் உள்ளன. உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் உறக்க மூச்சுத்தடையை முதலில் ஐயுற வேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, மனச்சோர்வு, சளிக்கும் அரிப்புக்கும் விழுங்கும் மாத்திரைகள், மது ஆகியவையும் பட்டியலில் உண்டு. இவற்றில் பலவற்றைப் பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ எளிய பரிசோதனைகளால் தெரிந்துகொள்ள முடியும் என்பதால், அங்கிருந்து தொடங்குவதே முறை. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் உள்ள ஒப்பந்தத் தொழிலாளரும், அவரது நிறுவனம் ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வருமானால், அந்த உரிமையைப் பெற்றவரே. நார்கோலெப்சி என்ற ஐயம் நின்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். வடசென்னை மக்களுக்கு அருகிலுள்ளது ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் துறை.

அங்கே போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியது இரண்டு வார உறக்கக் குறிப்பேடு. படுத்த நேரம், எழுந்த நேரம், பார்த்த ஷிப்ட், இடையில் உறங்கிய வேளைகள், குடித்த டீ, போட்ட மாத்திரை ஆகியவற்றை நாள்தோறும் எழுதிவைப்பது போதும். ஆஸ்திரேலிய மருத்துவர் மர்ரி ஜான்ஸ் 1991இல் வகுத்த எப்வொர்த் உறக்க அளவுகோலும் உதவும்: படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, பயணத்தில் அமர்ந்திருக்கும்போது என எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்புக்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 10க்கு மேல் போனால் மிகையுறக்கம் என்று கொள்வது அம்முறை. அது உறக்கத்தின் அளவைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது.

காரணத்தைச் சொல்பவை உறக்க ஆய்வுக்கூடத்தில் செய்யும் இரண்டு சோதனைகள். முதலாவது பாலிசோம்னோகிராபி, ஓர் இரவு முழுவதும் மூளையலை, விழியசைவு, தசை இறுக்கம், மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்து, மூச்சுத்தடை முதலிய வேறு கோளாறுகள் உண்டா என்று பார்ப்பது. மறுநாள் காலையில் தொடர்வது பன்முறை உறக்கத் தாமதச் சோதனை. இருண்ட அமைதியான அறையில், இரண்டு மணி நேர இடைவெளியில், ஐந்து முறை உறங்க வாய்ப்புத் தந்து, எத்தனை நிமிடத்தில் உறக்கம் வருகிறது, அவ்வுறக்கத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் ரெம் நிலை வருகிறதா என்று அளப்பது. சராசரியாக 8 நிமிடத்துக்குள் உறக்கமும், இரண்டு முறையேனும் விரைந்த ரெம் உறக்கமும் தென்பட்டால் நார்கோலெப்சி என்பது உறுதிப்படுகிறது. முதல்நாள் இரவில் அவ்வாறு ரெம் விரைந்து வந்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கிடுவர். முதுகுத் தண்டுவட நீரில் ஓரெக்சின் அளவைப் பார்ப்பது இன்னும் துல்லியமானது என்றாலும் அது எல்லா இடங்களிலும் செய்யப்படுவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டச் சொல்லும் இடங்களில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த மரபணு வகை கேட்டப்ளெக்ஸி உள்ள நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் காணப்படுவது உண்மையே ஆயினும், நோயே இல்லாத பலரிடமும் இருப்பதால் அது மட்டும் எதையும் மெய்ப்பிக்காது.

இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள சிக்கல் இங்குதான் எழுகிறது. மேற்சொன்ன பகற்சோதனை பொருளுள்ளதாக இருக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய இரண்டு வாரமாவது நோயாளி ஒழுங்கான நேரத்தில், போதிய அளவு இரவில் உறங்கியிருக்க வேண்டும்; மனச்சோர்வு மருந்துகள் ரெம் உறக்கத்தை அடக்குபவை ஆகையால், மருத்துவர் சொற்படி அவற்றையும் முன்கூட்டியே நிறுத்தியிருக்க வேண்டும். நைட் ஷிப்டிலிருந்து நேரே வந்து சோதனைப் படுக்கையில் படுப்பவர் இரண்டு நிமிடத்தில் உறங்குவார். கலைந்த உடற்கடிகாரத்தால் ரெம் உறக்கமும் விரைந்து வந்து, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம். அதற்கு அஞ்சி, ஷிப்ட் பார்ப்பவருக்குச் சோதனையே வேண்டாம் என்று ஒதுக்கினால் உள்ள நோய் அறியப்படாமல் போகும். ஆகவே இங்கே நோயறிதல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை. டியூட்டி சார்ட்டில் தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரம் பகல் ஷிப்ட் தரும்படி மருத்துவர் எழுதித் தரும் கடிதத்தைச் சூப்பர்வைசரும், ஒப்பந்தக்காரரும், லாரி உரிமையாளரும் மதித்து நடப்பது, கருவி ஒன்றை வாங்கித் தருவதற்கு இணையான மருத்துவ உதவி. நிரந்தரத் தொழிலாளிக்கு எளிதில் கிடைக்கக்கூடிய இச்சலுகை, ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் கூலியை இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எளிதில் கிடைப்பதில்லை. தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

நோய் உறுதியானபின் முழுக் குணம் என்பது இன்று இல்லை. ஆனால் வாழ்வு பெரிதும் சீராகும். மோடாஃபினில் போன்ற விழிப்பு மருந்துகள் பகலுறக்கத்தையும், வென்லாஃபாக்சின் போன்றவை கேட்டப்ளெக்ஸியையும் குறைக்கின்றன. இவை மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாதவை. நைட் ஷிப்டுக்கு விழித்திருக்க நண்பர் தந்தார் என்று மோடாஃபினிலைப் போடுவது, உள்ளிருக்கும் நோயை மேலும் மறைக்கும். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களுக்கு அம்மாத்திரையின் பயனை அது குறைத்துவிடும். வென்லாஃபாக்சினைத் திடீரென நிறுத்தினால் கேட்டப்ளெக்ஸி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். மருந்தோடு சேர்ந்து பயன் தருவது, நாளில் இரண்டு முறை குறித்த நேரத்தில் பதினைந்து இருபது நிமிடம் உறங்குவது. பள்ளியிலும் பணியிடத்திலும் அதற்கு ஓர் அறையும் அனுமதியும் தேவை.

நோய் கட்டுக்குள் வரும்வரை உயரத்தில் ஏறுவது, ஓடும் இயந்திரத்தின் அருகே தனியாக நிற்பது, கிரேன் இயக்குவது, வண்டி ஓட்டுவது ஆகியவற்றிலிருந்து ஒருவரை விலக்கிவைக்க வேண்டும். தனியே நீந்துவதும் ஆற்றுவாயில் மீன்பிடிக்க இறங்குவதும் அத்தகையவையே. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1, காரணம் எதுவாயினும் திடீரென நினைவு தப்புதலோ தலைச்சுற்றலோ உண்டா என்று கேட்கிறது. கனரக வண்டி ஓட்டுபவர் மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் 1ஏயும் தர வேண்டும். வேலை போய்விடும் என்ற அச்சத்தால் அறிகுறியை மறைக்கும் ஓட்டுநரைக் கண்டிப்பதால் மட்டும் சாலை பாதுகாப்பாகிவிடாது. சிகிச்சையால் விழிப்பு நிலைபெற்றதை மருத்துவர் சோதித்து உறுதி செய்தபின் அவரை மீண்டும் வண்டியில் ஏற்றுவதும், அதுவரை யார்டிலோ, எடைமேடையிலோ, கேட் பாஸ் பிரிவிலோ பகல் வேலை கொடுத்துச் சம்பளத்தைக் காப்பதும் நடக்குமானால், தன் உறக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறக்க அவருக்குத் துணிவு வரும்.